மூளையை அளக்கும் மரைக்கால்

உடலை அளக்கும் கருவிகள் – தொடர் 14

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1100 முதல் 1400 மில்லிலீற்றர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதை மூடியிருக்கும் மண்டையோடு இளவயதிலேயே வளர்ந்து முடிந்த பெட்டி; பிறகு அது பெருப்பதுமில்லை, சிறுப்பதுமில்லை. உள்ளிருக்கும் மூளை மட்டும் வயதாலும் நோயாலும் அடிபட்டதாலும் வற்றிப்போகும். வற்றிய இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை. மூளையைச் சூழ்ந்தும் அதன் நடுவிலுள்ள அறைகளிலும் நிறைந்திருக்கும் மூளைநீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கரை கரைந்தால் வாவி அகலுவது போலத்தான். ஆகவே மண்டைக்குள் திசு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று பிரித்து அளந்தால், மூளை எங்கே எவ்வளவு இழந்திருக்கிறது என்று கணக்கிடலாம். எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து மூளையின் கனவளவை அளப்பது என்பது இதுதான்.

படத்தைக் கண்ணால் பார்த்து “வயதுக்கு மிஞ்சிய சுருக்கம் தெரிகிறது” என்று வைத்தியர் எழுதுவது நெடுநாளைய வழக்கம். கணினியோ இடது பக்க ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பு 2.6 மில்லிலீற்றர் என்று தசமத்தோடு எழுதித் தருகிறது. இலக்கத்தைக் கண்டதும் வாசிப்பவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிடும். அந்த நம்பிக்கைக்கு அது எவ்வளவு தகுதியானது என்பதைத் தெரிந்துகொள்ள, இலக்கம் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. கருவி அடிப்படையில் ஒரு பெரிய காந்தம். வழக்கமான கருவி ஒன்றின் வலு 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைதரசன் அணுக்கருக்கள் அந்தப் புலத்தில் ஒரு முகமாக நிற்கும். வானொலி அலையால் அவற்றைத் தட்டிவிட்டால் சாய்ந்து, பழைய நிலைக்குத் திரும்பும்போது தாமும் ஒரு சமிக்ஞையைத் தரும். கொழுப்புறை போர்த்த நரம்பிழைகளாலான வெண்பொருள் விரைவாகத் திரும்புகிறது. நரம்புக்கலங்கள் நிறைந்த சாம்பற்பொருள் சற்றுத் தாமதிக்கிறது. மூளைநீர் மிகவும் தாமதிக்கிறது. கனவளவு அளப்பதற்கென்று எடுக்கும் படத்தில் இம்மூன்றும் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரிந்து தெரிவது இதனால்தான். எக்ஸ் கதிர் எதுவும் இதில் இல்லை. இந்தப் படம் ஒன்றுக்கு மட்டும் ஐந்து நிமிடமளவு செல்லும். அவ்வளவு நேரமும் காதருகே யாரோ தகரத்தை அடிப்பது போன்ற சத்தத்தில் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும்.

படம் உண்மையில் சின்னஞ்சிறு கனச்சதுரங்களின் அடுக்கு. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர். நெல்மணியின் தடிப்பைவிடக் குறைவு. 1200 மில்லிலீற்றர் மூளையில் இப்படிப் பன்னிரண்டு இலட்சம் இருக்கும். கணினி முதலில் மண்டையோட்டையும் தோலையும் கழிக்கிறது. பிறகு ஒவ்வொரு கனச்சதுரமும் வெள்ளையா சாம்பலா நீரா என்று தீர்மானித்து, முன்பே வரைந்து வைத்த மூளை வரைபடத்தோடு பொருத்தி, எது எந்த உறுப்புக்குச் சேர்ந்தது என்று பெயரிட்டு எண்ணுகிறது. வயல் நடுவில் சிக்கல் இல்லை; வரம்பில்தான் சிக்கல். ஓரத்திலுள்ள கனச்சதுரத்தில் பாதி சாம்பல், பாதி நீர் இருக்கும். கணினி அதை மதிப்பிட்டுத்தான் பங்கிட முடியும். தலை சிறிது அசைந்தாலும் வரம்பு மங்கி, சாம்பற்பொருள் உள்ளதைவிட மெல்லியதாகக் கணக்கில் வரும். தலையை அசைக்காமல் கிடக்க முடியாதவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் நோயாளிகளும். அளவீட்டின் பிழை, அளவீடு அதிகம் தேவைப்படுவோர் பக்கமாகவே சாய்வது இதன் பெரிய பலவீனம்.

மூளைநீர் அறைகளை அளக்கும் முயற்சி எம்.ஆர்.ஐ.க்கு மிக முந்தியது. 1919 இல் அமெரிக்க அறுவை வைத்தியர் வோல்டர் டான்டி முதுகந்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி, மூளையின் அறைகளை எக்ஸ் கதிரில் தெரியச் செய்தார். நோயாளிகளுக்குப் பெரும் வேதனை தந்த முறை அது. அத்தகைய படங்களை வைத்து 1942 இல் எவன்ஸ் என்பவர் ஒரு எளிய விகிதத்தை முன்வைத்தார்: முன்பக்க அறைகளின் மிகக்கூடிய அகலத்தை மண்டையின் உள்ளகலத்தால் வகுத்தால் 0.3 க்கு மேல் வரக்கூடாது. அடிமட்டம் ஒன்று போதும். இன்றும் வைத்தியர்கள் அதை அளக்கிறார்கள். 1973 இல் போல் லோட்டபர் காந்த ஒத்ததிர்வால் முதற்படத்தை உருவாக்கினார். 2003 இல் அவருக்கும் பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1990களில் ஹிப்போகாம்பஸின் ஓரத்தை ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கையால் வரைந்துதான் கனவளவு கண்டார்கள். ஹாவர்டைச் சேர்ந்த ஆய்வாளர்களின் ஃபிரீசர்ஃபர் என்ற மென்பொருள் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. 2006 இல் நியூரோகுவாண்ட் என்ற மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியபின், கனவளவு அறிக்கை ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியசாலைக்கு வந்தது.

அறிக்கையில் இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும்: ஒப்பீட்டு நிலை. அதே வயதும் பாலும் உடைய நலமான நூறு பேரைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக நிறுத்தினால் இவர் எத்தனையாவது இடத்தில் நிற்பார் என்பது அது. தலை பெரியவருக்கு மூளையும் பெரிதாகையால் மண்டையின் உள்ளளவையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ஐந்தாவது இடத்துக்குக் கீழே போனால் சிவப்பில் காட்டுவது வழக்கம். ஆனால் நலமான நூறு பேரில் ஐந்து பேர் எப்படியும் அங்கேதான் நிற்பார்கள். அறிக்கை நாற்பது பகுதிகளை அளந்தால், நோயே இல்லாதவருக்கும் இரண்டு பகுதிகள் சராசரியாகச் சிவப்பில் விழும். இரண்டு சிவப்புக் கோடுகளைக் கண்டு ஒரு குடும்பம் நிலைகுலைந்து போவதற்கு முன் இந்தக் கணக்கை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த நூறு பேர் யார் என்பது அடுத்த கேள்வி. உலகெங்கும் பயன்படும் மாதிரி மூளை கனடாவின் மொன்றியலில் 152 பேரின் படங்களிலிருந்து ஆக்கப்பட்டது. ஐதராபாத்திலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜெயந்தி சிவசுவாமியின் குழு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தாரோடு சேர்ந்து, ஆணும் பெண்ணும் சரிபாதியாக 100 இளவயது இந்தியரின் படங்களைக் கொண்டு 2019 இல் ஒரு மாதிரியை வெளியிட்டது. மேற்கத்திய மாதிரியோடு ஒப்பிட்டால் அது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சராசரியாகச் சிறியது. இதை அறிவோடு முடிச்சுப் போடுவது தவறு. மனிதருக்கு மனிதர் மூளையின் பருமன் இயல்பாகவே வேறுபடும். செய்தி அளவுகோலைப் பற்றியது. பெரிய மாதிரியை வைத்து அளந்தால் நலமான மூளையும் வற்றியதாகத் தோன்றக்கூடும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அடுத்த ஆண்டு 6 முதல் 60 வயது வரை ஐந்து பருவங்களுக்கான மாதிரிகளை வெளியிட்டார்கள். மறதிநோய் பெரும்பாலும் தலைகாட்டுவதோ 60 க்குப் பிறகு. அந்த இடைவெளியில் வேலை செய்கிறது கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுர ஆய்வு: இந்திய அறிவியல் நிறுவனத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயதைத் தாண்டிய கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்கிறது, எம்.ஆர்.ஐ. படமும் அதில் அடங்கும். வெயிலில் வேலை செய்து முதிர்ந்த, அதிகம் படிக்காத விவசாயிகளின் மூளை அங்கே பதிவாகிறது. மட்டக்களப்பின் பழுகாமத்து விவசாயி ஒருவரை ஒப்பிட, மொன்றியல் மாதிரியைவிட அந்தப் பதிவே நெருங்கிய உறவு.

ஊர்ச் சராசரி எதுவானாலும் அதைவிட நம்பகமான ஒப்பீடு, அதே ஆளின் முந்தைய அளவு. ஹிப்போகாம்பஸ் என்பது கடற்குதிரை வடிவில் காதுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் உறுப்பு. புதிய நினைவுகள் பதிவாக அது வேண்டும். ஒன்று ஏறத்தாழ 3 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நலமான முதுமையில் அது ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை வீதம் குறைகிறது. அல்சைமர் நோயில் நாலு, ஐந்து வீதம். மில்லிலீற்றரில் சொன்னால் ஒரு வருடத்தில் முதலாமவர் இழப்பது ஒரு சொட்டு. இரண்டாமவர் இழப்பது மூன்று சொட்டு. நோயும் நலமும் பிரிவது இந்த இரண்டு சொட்டில்.

இரண்டு சொட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் அளவை மாறக்கூடாது. சூடடித்த நெல்லை ஒரு மரைக்காலால் கொடுத்து இன்னொரு மரைக்காலால் வாங்கினால் வழக்கு வரும் என்பது மட்டக்களப்பின் படுவான்கரையில் எல்லோருக்கும் தெரியும். எம்.ஆர்.ஐ.யும் அப்படியே. கருவி மாறினால், காந்தத்தின் வலு மாறினால், மென்பொருளின் பதிப்பு மாறினால்கூட இலக்கம் மாறும். ஒரே கருவியில் ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தாலும் சிறிய வேறுபாடு வரும். ஆளின் உடல்நிலையும் சேரும்: பல மணி நேரம் தண்ணீர் குடிக்காதிருந்தால் மூளையின் கனவளவு அரை வீதமளவு குறையக்கூடும், குடித்தால் மீளும். காலையில் எடுத்த படத்தில் மூளை மாலையைவிட மிகச் சிறிதளவு பெரிது. ஆகவே இரண்டு படங்களுக்கிடையே ஒரு வருடமாவது இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கருவியில், இயன்றால் ஒரே நேரத்தில், நீர் அருந்திய நிலையில் எடுக்கப்பட வேண்டும்.

முந்தைய படம் இல்லாதபோதும் ஒருவரை அவரோடே ஒப்பிட ஒரு வழியுண்டு: இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிடுவது. மருந்துக்கு அடங்காத வலிப்பில் இது மிகவும் பயன் தருகிறது. சிலருக்கு வலிப்பு கிளம்பும் பக்கத்து ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருக்கும். மற்றச் சோதனைகளும் அதே பக்கத்தைக் காட்டினால் அப்பகுதியை அறுவையால் நீக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் இந்த அறுவையைச் செய்துவருகிறது; பலர் வலிப்பிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். கனவளவு அளவீடு ஒரு மனிதரின் வாழ்வை நேராக மாற்றும் இடங்களில் இது முதன்மையானது.

மறதியில் நிலைமை அவ்வளவு தெளிவானதல்ல. முதியவர் ஒருவர் சொன்னதையே சொன்னால், அடுப்பில் வைத்ததை மறந்தால், “அறளை பெயர்ந்துவிட்டது” என்று ஊர் சொல்லி முடித்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஹிப்போகாம்பஸும் பக்கமடலும் முதலில் வற்றினால் அல்சைமரை நினைக்க வேண்டும். நெற்றிமடல் வற்றி, மறதியைவிட நடத்தை மாறினால் அது வேறு நோய். மூளைநீர் அறைகள் மாத்திரம் பெருத்து, கால் தரையில் ஒட்டியது போன்ற நடை, சிறுநீர் அடங்காமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாய் பொருத்தி நடையையாவது மீட்கலாம். எவன்ஸின் விகிதம் உதவுவது இங்கேதான். தைரொயிட் குறைவு, பி12 குறைவு போன்றவை இரத்தச் சோதனையில் தெரியும், எம்.ஆர்.ஐ.க்கு முன்பே அவற்றைப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் கசிப்பு குடித்தவரின் மூளையும் வற்றும். ஆனால் குடியை நிறுத்திய சில மாதங்களில் இழந்த கனவளவில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. 2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 60 வயதைத் தாண்டியோர் 12.4 வீதம், அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. அறளை என்ற சொல்லோடு விசாரணையை முடித்துவிடுவது இனிப் பெரிய அநியாயமாகும்.

தலையில் அடிபட்டவருக்கு முதல் தேவை எம்.ஆர்.ஐ. அன்று. தென்னையிலிருந்து விழுந்தவர், தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் மோதுண்டவர், யானை தூக்கியெறிந்தவர் யாரானாலும் படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி விரைந்து வைத்தியசாலை சேர்வதே முக்கியம். அங்கே சீ.ரீ. ஸ்கான் சில நிமிடங்களில் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டிவிடும். அந்த நேரத்தில் கனவளவை அளந்தால் வீக்கத்தால் மூளை பெரிதாகத் தெரியும். இழப்பு பிறகுதான் வெளிப்படுகிறது. தலை திடீரென்று சுழன்று நிற்கும்போது அறுந்த நரம்பிழைகள் வாரக்கணக்கில் அழிந்து, வெண்பொருள் மெலிந்து, நீர் அறைகள் மெல்லப் பெருக்கின்றன. பலத்த காயத்தில் சில மாதங்கள் கழித்து எடுக்கும் படத்தில் இது தெளிவாகத் தெரியும். இலேசான அதிர்ச்சிக்குப் பின் தலைவலி, மறதி, எரிச்சல் என்று அவதிப்படுபவரின் நிலை வேறு. ஆய்வுகளில் பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது வேறுபாடு தெரிகிறது; தனி ஒருவரின் இலக்கத்தைக் காட்டி “இது அந்த அடியால் வந்தது” என்று அறுதியிட முடியாது. அமெரிக்க நீதிமன்றங்களில் நட்டஈட்டு வழக்குகளில் இந்த அறிக்கைகள் வைக்கப்படுகின்றன. அங்கே இன்னும் வாதம் நடக்கிறது. இலக்கம் இயல்பாக இருந்தது என்பதால் நோயாளி பொய் சொல்கிறார் என்றும் ஆகாது.

மட்டக்களப்பு போன்ற போர் கண்ட மண்ணுக்கு உரிய ஒரு தடையும் உண்டு. 2009 இல் முடிந்த போர் பலருடைய உடலில் ஷெல் துண்டுகளை விட்டுச் சென்றிருக்கிறது. இரும்புத் துண்டை எம்.ஆர்.ஐ. காந்தம் இழுக்கும், கண்ணுக்குள்ளோ மூளையிலோ பெரிய இரத்தக்குழாய்க்கு அருகிலோ இருந்தால் ஆபத்து. ஆபத்தில்லாத இடத்தில் இருந்தாலும், தலையிலோ முகத்திலோ உள்ள உலோகம் படத்தில் கறுப்புக் குழி ஒன்றை உண்டாக்கிச் சுற்றியுள்ள வடிவத்தை வளைத்துவிடும். அந்தப் பகுதியின் கனவளவை நம்ப முடியாது. காந்த அறைக்கு வெளியே தாலி, காப்பு, அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்றிக் கைக்குட்டையில் முடியப்படும்போது, உள்ளே இருக்கும் துண்டு நினைவுக்கு வராமல் போகலாம். பழகிப்போன வடுவைப் பலர் காயமாகவே எண்ணுவதில்லை. ஷெல் பட்டவர் அதைத் தாமாகவே சொல்ல வேண்டும். சந்தேகமிருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பெரிய கறுப்புப் பிலிமிலிருந்து கனவளவை அளக்க இயலாது. அதில் தேர்ந்தெடுத்த சில துண்டுகளின் நிழல்தான் உண்டு. பன்னிரண்டு இலட்சம் கனச்சதுரங்களும் இருப்பது அதோடு வரும் சீ.டீ.யில், அதுவும் மெல்லிய துண்டுகளாக எடுத்த முப்பரிமாணப் படம் அதில் பதியப்பட்டிருந்தால்தான். இரண்டு வருடம் கழித்து மறதி கூடியதா என்று பார்க்கும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். மார்கழி வெள்ளத்துக்குக் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் உயரத்தில் ஏற்றி வைக்கும் வீடுகளில் அந்த சீ.டீ.யையும் அவற்றோடு சேர்த்து வைக்கலாம். அதன் பிரதி ஒன்றை இன்னொரு கணினியிலும் ஏற்றி வைக்கலாம்.