பதிப்பெண்களின் முறைவைப்பு

எண்வடிவில் தோன்றுவன யாவும் கணக்கிடுதற்குரிய எண்கள் ஆகா. ஒரு நூலின் முதலாம் இயலில் ஒன்பதாம் பிரிவு 1.9 எனவும், அடுத்த பிரிவு 1.10 எனவும் குறிக்கப்படும். படிப்போர் எவரும் இதனால் மயங்குவதில்லை. ஆயின், தசம எண்ணாகக் கொள்ளின் 1.10 என்பது 1.1 என்பதற்குச் சமமாகி, 1.9 என்பதிலுஞ் சிறிதாகிவிடும். மென்பொருள்களின் பதிப்பெண்கள் நூற்பிரிவின் எண்களை ஒத்தவை. அவற்றிடையே நிற்கும் புள்ளி, ஒரு நிலையை மற்றொரு நிலையினின்றும் பிரித்துக் காட்டும் குறியேயாம். மனிதர் எளிதில் உணரும் இவ்வேறுபாட்டைக் கணினி தானாக உணராது.

இரு பதிப்பெண்களை ஒப்பிடும் நிரல்களில் இருவகை வழுக்கள் நேர்வதுண்டு. ஒன்று, மேற்கூறியவாறு தசம எண்ணாகக் கொள்ளுதல். மற்றையது, அகராதியிற் சொற்களை நிரல்படுத்துமாறு போல எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல். இம்முறையில் மூன்றாமிடத்தில் 9உம் 1உம் எதிர்ப்பட, 1.9 என்பதே பிந்தியதெனத் துணியப்படும். ஒவ்வொரு நிலையும் ஓரிலக்கமாய் இருக்குங்காறும் இவ்வழுக்கள் வெளிப்படா. பத்தாவது பதிப்பிலேயே தலைகாட்டும்.

இதற்குச் சான்றுகள் உள. 2009ஆம் ஆண்டில் ஒபேரா என்னும் இணைய உலாவி பத்தாம் பதிப்பை எய்தியது. முதலிலக்கத்தை மாத்திரம் நோக்கிய இணையத்தள நிரல்கள் பத்தை ஒன்றெனக் கொண்டன. ஆதலின் அவ்வுலாவி தன்னை 9.80 என்றே அறிமுகஞ் செய்து, உண்மையான பதிப்பெண்ணைப் பிறிதோரிடத்திற் குறிக்க நேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் பைதன் என்னும் நிரன்மொழியின் 3.10ஆம் பதிப்பு வெளிவந்தபோது, முதல் மூன்று குறிகளை மட்டும் வெட்டியெடுத்த நிரல்கள் அதனை 2009ஆம் ஆண்டின் 3.1 என மயங்கின.

புள்ளிதோறும் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முழுவெண்ணாகக் கொண்டு இடமிருந்து வலமாக ஒப்பிடின் இவ்விடர் நீங்கும். ஆயினும் முழுமையும் நீங்காது. வெளியீட்டுக்கு முந்திய பரிசோதனைப் பதிப்புகள் "1.0.0-பீற்றா" என்றாற்போலப் பெயர் பெறும். ஒரு சொல் மிகுந்திருப்பினும் அது 1.0.0 என்பதற்கு முந்தியதே. டெபியன் இயங்குதளத்தார் இதன்பொருட்டு அலைக்குறி ஒன்றை வகுத்தனர். அக்குறி பெற்ற எண், பெறாத எண்ணுக்கு முன்னதாக வைக்கப்படும். இன்னும், 1.2, 1.2.0 ஆகிய இரண்டும் பைதன் பொதிகளின் நெறிப்படி சமமானவை. டெபியன் நெறிப்படியோ 1.2 முந்தியது. ஆகவே, வரிசை எண்களிடத்து அமைந்துள்ளதன்று. அவற்றை இட்டோர் வகுத்த மரபிலேயே அமைந்துள்ளது.

இதனைச் சிறு நுணுக்கமென இகழ்தல் தகாது. பாதுகாப்புக் குறை ஒன்று 1.10ஆம் பதிப்பில் திருத்தப்பட்டதாகக் கொள்வோம். 1.9 நிறுவப்பட்ட கணினி, தன்னிடமுள்ளதே புதியதென்று பிழைபட முடிவுசெய்யின், திருத்தத்தை ஏலாது விடும். பழுதுபற்றிய அறிவிப்பும் தோன்றாது. வாயில் மட்டும் திறந்தே கிடக்கும். ஆதலின் நிரல் வரைவோர், எண்களை ஒப்பிடுமுன் அவை எம்மரபைச் சார்ந்தன என வினாவுதல் வேண்டும். அம்மரபை வகுத்தோரே வழங்கும் ஒப்பீட்டு நிரல் உளதாயின், புதிதாக ஒன்றை ஆக்காது அதனையே கைக்கொள்ளல் நன்று.