நடு வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஈடுசெய் சிகிச்சை

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண்களின் விதைகளில் சுரக்கும் முதன்மையான ஹார்மோன் ஆகும். மீசை, தாடி, குரல், தசை, எலும்பு, சிவப்பணுக்கள், பாலுணர்வு, விந்தணு உற்பத்தி ஆகியவற்றில் இதற்குப் பங்கு உண்டு. உடலில் இது போதிய அளவு சுரக்காதபோது வெளியிலிருந்து மருந்தாகக் கொடுப்பதே ஈடுசெய் சிகிச்சை எனப்படும்.

ஒரு சொல், மூன்று குறைகள்

தமிழில் 'ஆண்மைக் குறைவு' என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு குறைகளைச் சுட்டுகிறோம். பாலுறவில் நாட்டம் குறைவது ஒன்று; விறைப்பு ஏற்படாமை இன்னொன்று; குழந்தை பிறக்காமை மற்றொன்று. டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்தவருக்கு இந்த மருந்து முதல் குறையை ஓரளவு தீர்க்கும். இரண்டாவது குறை, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களிடம், பெரும்பாலும் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் பழுதடைவதால் வருவது. அதில் இம்மருந்தின் பயன் குறைவு. மூன்றாவது குறையை இது மோசமாக்கிவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் ஊசி போட்டுக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

அளவு ஏன் குறைகிறது?

பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போல ஆண்களுக்கு இந்தச் சுரப்பு ஒரேயடியாக நிற்பதில்லை. நாற்பதை ஒட்டிய வயதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. இது நரை போல இயல்பானது. 40 முதல் 79 வயது வரையிலான ஐரோப்பிய ஆண்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவும் அதற்குரிய அறிகுறிகளும் சேர்ந்து இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

விதையில் அடிபடுதல், அம்மைக்கட்டு விதையைத் தாக்குதல், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி போன்றவற்றால் சுரப்பு குறைந்தால் அது தெளிவான நோய். நடு வயதில் அதிகம் காணப்படுவது வேறு வகை. பரேஷ் தண்டோனா என்ற இந்திய மருத்துவரின் குழு அமெரிக்காவில் ஆய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 விழுக்காடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் காட்டியது. ஆகவே ஆலங்குளத்தில் தொந்தியும் சர்க்கரையும் உள்ள ஐம்பது வயதுக்காரர் "உடம்பு அசதியாகவே இருக்கிறது" என்றால், முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையையும் எடையையும்தான். எடை குறையும்போது டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஓரளவு ஏறும். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, மனச்சோர்வு, மது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் இதே அசதியைத் தரும்.

பரிசோதனை

காலையில்தான் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். எனவே வெறும் வயிற்றில், காலை 10 மணிக்குள், வெவ்வேறு நாட்களில் இரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் அளவுகோல். பாவூர்சத்திரம் சந்தைக்கு இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, தூங்காமல் வந்து ரத்தம் கொடுப்பவரின் அளவு குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை. காய்ச்சல் கண்ட நாட்களுக்கும் இது பொருந்தும்.

பயன் எவ்வளவு?

1889இல் பிரௌன் செக்கார் என்ற உடலியல் அறிஞர், 72 வயதில், விலங்குகளின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்ததே அரிது. ஊசி என்றாலே தெம்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்றும் போகவில்லை. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு களிம்பாக மருந்து கொடுத்தபோது பாலுணர்வு மிதமாகக் கூடியது. உற்சாகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

மாரடைப்பு அச்சம் நெடுநாள் இருந்தது. இதயநோயோ அதற்கான அபாயமோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று காட்டியது. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, நுரையீரலில் ரத்தக்கட்டு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம்.

குழந்தை வேண்டுவோர்

டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தால், "போதுமான அளவு இருக்கிறது" என்று மூளை கணக்கிட்டு விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இதையே கருத்தடை முறையாகப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. 1990இல் வெளியான அதன் முடிவில், வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்ட 271 பேரில் 157 பேருக்கு விந்தணு அறவே இல்லாமல் போயிருந்தது. நிறுத்தியபின் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும். ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். தாமதமாகத் திருமணம் செய்து நாற்பதில் குழந்தைக்குக் காத்திருப்பவர் 'ஆண்மைக்கு' என்று இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் நேர் எதிரான விளைவே கிட்டும். அத்தகையோருக்கு விதைகளையே தூண்டும் வேறு மருந்துகள் உண்டு.

சுவர் விளம்பரங்கள்

'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவா?' என்று கேட்கும் சுவரொட்டிகள் தமிழகம் எங்கும் உள்ளன. பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. குற்றாலத்து மூலிகைக் கடைகளில் கிடைக்கும் அமுக்கரா, பூனைக்காலி போன்றவை சித்த மருத்துவத்தில் பயன்படுபவை. ஆனால் அவை டெஸ்டோஸ்டிரோனுக்கு மாற்று அல்ல. பெயரில்லாத பொடி, லேகியங்களில் அலோபதி மாத்திரையைத் திருட்டுத்தனமாகக் கலப்பதும் உண்டு.

சிகிச்சையும் கண்காணிப்பும்

ஊசி, தோலில் தடவும் களிம்பு, வாய்வழி மாத்திரை என மருந்து பல வடிவங்களில் உள்ளது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. களிம்பு தடவிய இடம் குழந்தைகள் மீதோ மனைவி மீதோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் இது கொடுக்கப்படுவதில்லை. தொடங்கும் முன்பும் பின்னர் இடைவெளி விட்டும் புராஸ்டேட் சோதனையும் ரத்தச் சோதனையும் தேவை. சிவப்பணுக்கள் பெருகி ரத்தத்தில் அவற்றின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். ஹார்மோன் அளவு சரியான பிறகும் ஆறு மாதம், ஓராண்டில் அறிகுறிகள் குறையவில்லை என்றால் மருத்துவர் சிகிச்சையை நிறுத்திவிடுவார். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு, நிறுத்தியபின் சொந்தச் சுரப்பு மீளும் வரை சில வாரங்களோ மாதங்களோ முன்பைவிடக் கூடுதலான சோர்வு இருக்கக்கூடும்.