ஸ்லாப்பை வெட்டும் முன் துடைத்துப் பாருங்கள்

மதுரை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பெயின்ட் நிறத்துக்கு நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். சமையல் மேடைக் கல்லை மட்டும் மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். கிரகப்பிரவேசம் முடிந்த சில மாதங்களில் கறுப்பு வெளுக்கிறது, வெள்ளையில் துருக்கறை படர்கிறது. கடைக்குப் போனால், "கல்லுன்னா அப்படித்தான் சார்."

பாலிஷ் ஏறும் கடினக் கல் எல்லாமே கடையில் கிரானைட்தான். அசல் கிரானைட்டில் மணிகள் திசையின்றிச் சிதறிக் கிடக்கும். வரிவரியாக ஓடினால் அது நைஸ். பச்சை கலந்த கருமையில் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கினால் சார்னோகைட். சென்னைப் பரங்கிமலைக் கல் அதுதான். 'கறுப்பு கிரானைட்' பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. மேலூர்ப் பக்கம் வெட்டும் 'காஷ்மீர் வொயிட்' காஷ்மீரைப் பார்த்ததேயில்லை. சிவப்புக் கார்னெட் புள்ளிகள் உள்ள நைஸ் வகை அது. ஈரம் நின்றால் அந்தப் புள்ளிகளைச் சுற்றித் துரு கசியலாம். இவை எதுவும் மட்டமான கல் அல்ல. சாம்பல் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பு விலைக்கு விற்பதுதான் மோசடி.

வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்துக் கல்லில் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் வாங்காதீர்கள். உடைந்த ஓரத்தையும் பாருங்கள்: மேலே கறுப்பு, உள்ளே சாம்பல் என்றால் சந்தேகமே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்டு நுரைத்தால் அது மார்பிள் இனம். எல்லாவற்றையும் வெட்டும் முன்பே செய்யுங்கள்; வெட்டிய கல்லை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

பில் வாங்குங்கள். துண்டுச்சீட்டு எஸ்டிமேட் பில் ஆகாது. ஜிஎஸ்டி எண், கல்லின் பெயர், கனம், சதுர அடி, 'சாயம் ஏற்றாதது' என்ற ஒரு வரி, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப் போய்ச் சாட்சியத்தையே தொலைக்கிறோம். அதே ஸ்லாப்பில் ஒரு துண்டைக் கடைக்காரர் கையெழுத்தோடு எடுத்து வையுங்கள். பரிசோதனை தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்ப அது கைகொடுக்கும்; பதித்த மேடையைப் பெயர்க்க வேண்டியிருக்காது.

கறை தெரிந்ததும் தேதியோடு படமெடுத்து, கடைக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பலனில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கல்லை ஓசூரிலேயே வாங்கியிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. கடைக்காரர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுப்பதே அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான். மறுபடியும் சொல்கிறேன்: பில் இல்லாமல் ஒரு ஸ்லாப்பையும் லாரியில் ஏற்றவிடாதீர்கள்.