எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் தண்ணீர் கசிகிறதா?

மானிட்டரில் படம் வரவில்லை என்றால் உடனே மானிட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பவர் வருகிறதா, கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. வீட்டில் வைத்திருக்கும் எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் தண்ணீர் கசியும்போதும் இதே வழிதான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மெஷினுக்கு அடியில் தினமும் தண்ணீர் நின்றது. சர்வீஸ் சென்டரில் பம்பை மாற்ற வேண்டும் என்று சொல்லி, மெஷின் விலையில் பாதியைக் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருந்த சிறிய ரப்பர் வளையம்தான் காரணம். அதற்காகக் கசிவைச் சாதாரணமாக விட்டுவிடவும் கூடாது. இந்த மெஷினுக்குள் 230 வோல்ட் மின்சாரமும், கண்ட்ரோல் போர்டும், கொதிக்கும் தண்ணீரும் சில அங்குல இடைவெளியில் இருக்கின்றன.

கல்யாண வீட்டு மெஷின் வேறு

நம் ஊர்க் கல்யாண மண்டபங்களிலும் சினிமா தியேட்டர்களிலும் 'எஸ்பிரெஸ்ஸோ காபி' என்று தருவது இன்ஸ்டன்ட் காபித்தூள் போட்ட பாலில் நீராவியைப் பாய்ச்சி நுரைக்க வைத்தது. சுவையைக் குறை சொல்லவில்லை, ஆனால் அது வேறு இயந்திரம். இங்கே நாம் பேசுவது, சூடான தண்ணீரைப் பம்ப் மூலம் காபிப் பொடிக்குள் அழுத்திச் செலுத்தும் வீட்டு மெஷினைப் பற்றி. அந்த அழுத்தம் சுமார் 9 பார். நம் பிரஷர் குக்கரில் இருப்பது ஏறக்குறைய 1 பார்தான். குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் விசில் வராமல் ஓரத்தில் ஆவி போவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தை இங்கே ஒரு ரப்பர் வளையம் தாங்குகிறது.

தண்ணீர் போகும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கொதிகலன், அங்கிருந்து வால்வு வழியாகக் காபிப் பொடி வைக்கும் கைப்பிடி, பிறகு கப். கொதிகலனிலிருந்து இன்னொரு வழி நீராவிக் குழாய்க்குப் போகிறது.

மூன்று சோதனைகள்

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சொட்டுத் தட்டைக் காலி செய்து, மெஷினை நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். தொட்டியை நிரப்பி, மின்சாரம் இல்லாமலே ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் கசிவு தொட்டியிலோ அதை ஒட்டிய குழாயிலோதான். சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் இதில் சம்பந்தமில்லை.

தாள் காய்ந்திருந்தால் மெஷினை ஆன் செய்து சூடாக மட்டும் விடுங்கள். சூடாகும்போது தண்ணீர் விரிவடைவதால் கைப்பிடி மாட்டும் இடத்தில் சில சொட்டுகள் விழலாம், அது கோளாறு அல்ல. உடலின் அடியிலிருந்து தண்ணீர் வந்தால் கொதிகலன் பக்கம் சந்தேகப்படுங்கள். இதிலும் ஒன்றும் இல்லை, பம்ப் ஓடும்போது மட்டும் கசிகிறது என்றால் அழுத்தம் தாங்கும் பகுதியில்தான் குறை.

இந்தச் சோதனைக்கு முன் ஒரு விஷயம். பல மெஷின்களில் காபி இறங்கி முடிந்ததும், மீதி அழுத்தத்தை ஒரு வால்வு சொட்டுத் தட்டுக்குள் திறந்துவிடும். 'புஸ்' என்று சத்தம் கேட்கும், தட்டில் தண்ணீர் சேரும். தட்டு நிரம்பி வழிவதைக் கசிவு என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

தொட்டி அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வும், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். உப்புத் துகளோ முடியோ சிக்கியிருந்தாலே போதும், தண்ணீர் இறங்கும். கழுவி, உணவுக்கு ஏற்ற சிலிகான் கிரீஸைக் கடுகளவு தடவிப் பொருத்துங்கள். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து நாறும். வாஸ்லின் பல வகை ரப்பரை உப்பவைத்துவிடும். எம்-சீல், ஃபெவிக்விக் பக்கம் போகவே வேண்டாம். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் நிற்காது, நின்றாலும் நீங்கள் குடிக்கும் தண்ணீரில் அது இருக்கக் கூடாது.

கைப்பிடியின் ஓரம் வழியாகக் காபி வழிந்தால் காஸ்கெட்டைப் பாருங்கள். புதிதில் கைப்பிடி எந்த இடத்தில் இறுகி நின்றதோ, அதைத் தாண்டி இன்னும் வலப்பக்கம் போனால் காஸ்கெட் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவதற்கு முன், காஸ்கெட் மேல் ஒட்டியிருக்கும் காபிப் பொடியைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துப் பாருங்கள். பொடியை அளவுக்கு மீறி நைஸாக அரைத்தாலும் அழுத்தம் ஏறி ஓரத்தில் வழியும். சிக்கரி கலந்த ஃபில்டர் காபித்தூளை இதில் போடவே வேண்டாம், அது பிசுபிசுத்துச் சல்லடையை அடைத்துவிடும்.

காஸ்கெட் மாற்ற, மெஷின் முழுக்க ஆறியபின் பிளக்கைப் பிடுங்கி, நீராவிக் குழாயைத் திறந்து மீதி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். சல்லடை ஸ்க்ரூவைக் கழற்றினால் வளையம் தெரியும். காய்ந்து கெட்டியாகியிருந்தால் சிறிய மர ஸ்க்ரூ ஒன்றை அதில் முறுக்கி, இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். புதியது வாங்கும்போது மாடல் பெயரைச் சொல்லி வாங்குங்கள், தடிமனில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் கைப்பிடி சரியாக இறுகாது. காபி போட்டபின் கைப்பிடியை மாட்டியபடியே விடாதீர்கள், காஸ்கெட் சூட்டில் நசுங்கியே கிடந்து சீக்கிரம் கெட்டியாகும்.

மாத்தூர்த் தண்ணீரும் மெஷினும்

கசிவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய காரணம் தண்ணீர். மாத்தூர், மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வாளியின் ஓரத்து வெள்ளைப் படிவமே சொல்லிவிடும். இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் சென்னை நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. ஆனாலும் பல வீடுகளில் புழங்குவது இன்னும் போர் தண்ணீர்தான்.

கால்சியம் கலந்த கடினத் தண்ணீர் கொதிகலனில் ஓடுபோலப் படியும். வால்வுக்குள் ஒரு துகள் மாட்டினால் அது முழுதாக மூடாது, மெஷின் சும்மா இருக்கும்போதும் சொட்டும். இதை சிட்ரிக் ஆசிட் கரைத்துவிடும். கடல்நீர் கலந்த தண்ணீரில் இருக்கும் குளோரைடு வேறு ரகம். அது படியாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே ஊசித் துளைபோல அரிக்கும். சாஃப்ட்னர் வைத்தாலும் குளோரைடு போகாது, ஆர்.ஓ.வில்தான் பெருமளவு குறையும். டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணில் எது எவ்வளவு என்று தெரியாது, மொத்தக் கணக்குதான் தெரியும். இந்தியக் குடிநீர்த் தர விதி டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது, காபிக்கு 150 அருகில் இருப்பது நல்லது என்பது காபித் துறையினர் கணக்கு.

எங்கள் வீட்டில் மெஷினுக்குக் கேன் தண்ணீர் மட்டும்தான். அதிலும் ஒன்று கவனியுங்கள். உப்பே இல்லாத அளவுக்குச் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், தண்ணீர் வழியே மின்சாரம் பாய்வதை வைத்து மட்டத்தை அறியும் மெஷின்கள் தொட்டி காலி என்று ஏமாறும். கொஞ்சம் மெட்ரோ வாட்டர் கலந்தால் சரியாகிவிடும். போர் தண்ணீரைக் கலக்காதீர்கள்.

படிவு நீக்க, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் 20 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். அலுமினியக் கொதிகலன் என்றால் மட்டும் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள். பாதியைக் காபி வழியாகவும் பாதியை நீராவிக் குழாய் வழியாகவும் விடுங்கள், நடுவில் 15 நிமிடம் நிறுத்தி ஊறவிடுங்கள். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வருடக்கணக்கில் செய்யாத மெஷினில் செய்தால் பெரிய செதில்கள் உதிர்ந்து வால்வை அடைக்கலாம், படிவம் அடைத்து வைத்திருந்த பழைய கசிவும் வெளியே தெரியலாம். அதற்குத் தயாராக இருங்கள்.

கம்ப்யூட்டரை இங்கே பயன்படுத்துங்கள்

மாடல் பெயருடன் 'பார்ட்ஸ் டயகிராம்' என்று தேடினால் பல மெஷின்களுக்கு எல்லாப் பாகங்களையும் எண்ணிட்டுக் காட்டும் படம் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அந்தப் பாக எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் வேறு அளவு தர வழியில்லை. எதையாவது கழற்றும் முன் மொபைலில் போட்டோ எடுத்துத் தேதி போட்ட ஃபோல்டரில் வையுங்கள். படிவு நீக்கிய நாள், காஸ்கெட் மாற்றிய நாள் இரண்டையும் எக்செல் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள்.

மூடியைத் திறந்து கொதிகலன் இணைப்பிலோ, கண்ட்ரோல் போர்டு அருகிலோ ஈரம் தெரிந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். மெஷினைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்றாலும் அப்படியே. எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில்தான் மெஷின் ஓடுகிறதா, அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் மூன்று சோதனைகளில் எதில் தாள் நனைந்தது என்று சொல்லிக் கொடுங்கள், பம்பா வளையமா என்று அவரும் அங்கிருந்தே தொடங்குவார்.