சரீரத்தின் காவல் – 6: இழையை அறியும் விரல்

கமண்டல நாக நதிக்கரை ஊராகிய ஆரணியில், தறிகளின் ஓசை வீட்டுக்கு வீடு எழத் தொடங்கும் காலை வேளையில், ஒரு முதிய நெசவாளரின் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் முன்னே இரண்டு நூல்கள் கிடந்தன. இரண்டும் ஒரே அரக்கு வர்ணம், ஒரே பளபளப்பு. எது பட்டு, எது செயற்கைப் பட்டு என்று என் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவரோ இரண்டையும் விரல்களுக்கு நடுவே ஒரு முறை உருட்டிப் பார்த்து, ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டார். பிறகு எனக்காகத் தீக்குச்சி கிழித்தார். பட்டு சுருண்டு, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு கருகி, நசுக்கினால் பொடியாகிற கறுப்பு உருண்டையாயிற்று. மற்றது காகிதம் போலக் குபுகுபுவென்று எரிந்து வெறும் சாம்பலாயிற்று. “சாயத்தைப் பாத்தா ஏமாந்துடுவீங்க ஐயா. இழை எதுனால ஆச்சுன்னு பாக்கணும்” என்றார்.

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். 1882-இல் மெஸ்ஸினா நகரில், நட்சத்திர மீனின் குஞ்சுடலில் மெச்னிகாஃப் குத்திவைத்த முள்ளைச் சுற்றி அதன் உயிரணுக்கள் திரண்டு வந்து மொய்த்தன அல்லவா? கண்ணும் செவியும் இல்லாத, முன்பின் பழக்கமும் இல்லாத அந்த அணுக்கள், வந்திருப்பது அந்நியம் என்பதை எவ்விதம் அறிந்தன? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் கண்ட விடையில் ஒரு முக்கியமான பகுதி, ஆரணித் தறியில் ஓடும் இழையைத் தந்த அதே ஜீவனின் ரத்தத்திலிருந்து கிடைத்தது என்பதே இந்த வாரத்து விஷயம்.

பட்டுப்புழுவின் வாழ்வு அபாயம் நிறைந்தது. மல்பெரி இலைப் படுக்கையில் ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடந்து, நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள் கூடு கட்டியாக வேண்டிய அந்தப் புழுவுக்கு, நம் உடலைப் போல ஒரு நோயை நினைவில் வைத்து அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்துகொள்ளும் வசதி இல்லை. பிறப்போடு வந்த காவல்தான் அதற்கு முழுக் காவலும். அந்தக் காவலையும் மீறி வரும் நோய்களைப் புழு வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள்: உடல் வீங்கி, தோல் கிழிந்து வெண்ணீர் ஒழுகினால் பால்புழு நோய், செத்தபின் வெள்ளை பூத்து விறைத்துவிட்டால் சுண்ணாம்புக்கட்டி நோய். இந்தச் சுண்ணாம்புக்கட்டி ஒரு பூஞ்சணத்தால் வருவது என்று இத்தாலியரான அகோஸ்டினோ பாஸி 1835-இல் நிரூபித்தார். நுண்ணுயிரால் ஒரு பிராணிக்கு வியாதி வரும் என்பதற்கு உலகம் கண்ட ஆதிச் சான்றுகளில் அது ஒன்று.

புழுவின் உடலில் சிறு காயம் பட்டு வடிகிற ரத்தம், காற்றுப்பட்டுச் சற்று நேரத்தில் கறுத்துப்போகும். ரத்தத்தில் உறங்கிக் கிடக்கும் ஒரு நொதி விழித்து, மெலனின் என்னும் கறுப்புப் பொருளை உண்டாக்குவதால் நேர்வது அது; புகுந்த கிருமியைச் சூழ்ந்து முடக்குவதும் அதுவே. அந்த நொதியைத் தட்டி எழுப்புவது யார் என்று ஜப்பானில் மசாக்கி அஷிதாவும் அவருடைய சகாக்களும் நெடுங்காலம் தேடினார்கள். 1988-இல், பூஞ்சணச் சுவரிலுள்ள பீட்டா குளுக்கானைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்றைப் பட்டுப்புழுவின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1996-இல், பாக்டீரியாவின் சுவரைப் பற்றிக்கொள்ளும் மற்றொரு புரதத்தையும் கண்டார்கள்.

அந்தச் சுவர் எத்தகையது என்பதை நெசவூரில் விளக்குவது எளிது, ஏனெனில் அதுவும் ஒரு நெசவுதான். இருவகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சரங்கள் பாவாக ஓடுகின்றன. அமினோ அமிலங்களாலான குட்டையான இழைகள் ஊடை போலக் குறுக்கே வந்து சரத்தோடு சரத்தைப் பிணைக்கின்றன. பெப்டிடோகிளைக்கான் என்று பெயர் பெற்ற இந்தத் துணியைப் போர்த்திக்கொண்டிருப்பதால்தான் பாக்டீரியா உள் அழுத்தத்தால் வெடித்துச் சிதறாமல் பிழைக்கிறது. வெளி வேஷத்தை அது எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்த நெசவை மட்டும் கைவிட முடியாது. புழுவின் உடலிலோ, நம் உடலிலோ இத்தகைய நெசவு எங்குமே கிடையாது. ஆகையால் இதைத் தொட்டறியும் புரதம் ஒன்று இருந்துவிட்டால், வந்த கிருமியின் பெயரோ ஊரோ தெரிய வேண்டியதில்லை. சாயத்தை விட்டு இழையைத் தொட்ட அந்த முதியவரின் விரல் செய்த காரியத்தையே அது செய்துவிடுகிறது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கரான சார்ல்ஸ் ஜேன்வே 1989-இலேயே ஊகித்துச் சொல்லியிருந்தார். 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்னும் மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சணத்துக்குத் தப்பாமல் மடிவதைக் காட்டினார்கள். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர், பாக்டீரியாக்களில் ஒரு வகையின் மேலுறையிலுள்ள நஞ்சை எலி உணர்வதும் டோலின் உறவான ஒரு புரதத்தாலேயே என்று கண்டார்கள். ஈயின் உடலில் டோலை ஏவிவிடுவது பட்டுப்புழுவில் கண்ட அந்தச் சுவரறியும் புரதத்தின் இனத்தைச் சேர்ந்ததே என்பது 2001-இல் தெளிவாயிற்று. ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த இனத்துப் புரதங்கள் நான்கும், டோலின் உறவுகள் பத்தும் மனித சரீரத்தில் இருக்கின்றன.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. பால்புழு நோயைத் தரும் வைரஸுக்கு அந்தச் சுவரே இல்லாததால், சுவரைத் தேடும் விரலுக்கு அது அகப்படுவதில்லை. பெப்ரின் நோய்க் கிருமியோ உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்திருந்து தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கிவிடும். 1865-இல் அந்த நோயை ஆராயப் புறப்பட்ட பாஸ்டர், முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் சோதிக்கும் முறையை வகுத்தார். இன்றும் நம் நாட்டு முட்டை வித்தகங்களில் அந்தச் சோதனை நடக்கிறது. புழுவுக்கு இயலாத இடத்தில், வளர்ப்பு மனையைக் கழுவிச் சுண்ணாம்பு தூவும் விவசாயியின் கை அதற்குத் துணை நிற்கிறது.

பட்டுக்கூட்டைக் கொதிநீரில் இட்டே நாம் நூல் எடுக்கிறோம். அந்தப் புழுவுக்கு நாம் பட்ட கடன் புடவையோடு தீர்ந்துவிட்டது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். நம் ரத்தத்திலும் கிருமியின் நெசவைத் தொட்டறியும் விரல் உண்டென்று தெரிந்துகொள்ள வழிகாட்டியதும் அதுவே என்று அறிந்த பிறகு, ஆரணித் தெருவில் நீட்டிக் கட்டிய பாவைக் கடந்து நடக்கும்போது என் நடை தானாகவே மெதுவாகிவிடுகிறது.

விரல் கண்டுகொண்டது, இனி ஊரை எழுப்ப வேண்டும். அந்த எழுப்புதலைத்தான் நாம் காய்ச்சல் என்கிறோம். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)