குழந்தையின் கண்ணில் நிற்காத நீர்



பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் ஒரு கண் எப்போதும் கலங்கி நிற்கும். காலையில் பீளை கட்டி இமை ஒட்டியிருக்கும். பார்வை போய்விடுமோ என்று தாய்மார் பதறித் தூக்கி வருகிறார்கள். அதற்குள் வீட்டில் தாய்ப்பால் விட்டு, மையும் தீட்டிப் பார்த்திருப்பார்கள். (கண்ணுக்கு இரண்டும் வேண்டாம்.)

கண்ணீர் மூக்கினுள் இறங்குவதற்கு ஒரு மெல்லிய குழாய் உண்டு. அழும்போது நமக்கு மூக்கு ஒழுகுவது அதனால்தான். சில குழந்தைகளுக்கு அக்குழாயின் கீழ்முனையிலுள்ள சவ்வு பிறக்கும்போது திறந்திருப்பதில்லை.

இதற்கு முதல் மருந்து தாயின் விரலே. நகம் வெட்டி, கையைச் சோப்பிட்டுக் கழுவி, கண்ணின் உள்மூலையில் மூக்கை ஒட்டி விரலை வைத்து, சற்று அழுத்திக் கீழ்நோக்கி நீவ வேண்டும். வேளைக்கு 5 முதல் 10 முறை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. கிரிக்லர் என்ற மருத்துவர் 1923-இல் எழுதிவைத்த முறை இது. தாயின் கையைப் பிடித்தே நாங்கள் பழக்குகிறோம். ஏறக்குறைய 10 குழந்தைகளில் 9 பேருக்கு ஒரு வயதுக்குள் அடைப்பு நீங்கிவிடும். உங்கள் காணிக்கையில் ஒரு ரூபாய்கூட இதற்குச் செலவாவதில்லை!

நீங்காத பிள்ளைகளுக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கம்பியைச் செலுத்தித் திறக்கிறோம். சில நிமிட வேலைதான். ஆனால் மயக்க மருத்துவர் இல்லாமல் முடியாது. உங்கள் உதவி அங்கேதான் போகிறது.

ஒன்றை மட்டும் உங்கள் சபைத் தாய்மாருக்குச் சொல்லுங்கள். நீர் வடிவதோடு குழந்தை வெளிச்சத்துக்குக் கூசினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ, நீவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.