வாழைக்கு ஏன் அசைக்ளோவிர் இல்லை?

போடிக்கு மேலே மலைச்சரிவில் சித்தப்பாவுக்கு ஒரு சின்னத் தோட்டம். ஏலம், காப்பி, நடுநடுவே கொஞ்சம் வாழை. போன லீவில் போனப்ப, நாலைந்து வாழையில் இலையெல்லாம் குறுகி, உச்சியில் கொத்தா விறைச்சு நின்னுச்சு. முடிக்கொத்து நோய்.

"ஏன்டா, மனுசனுக்கு அக்கி வந்தா மாத்திரை குடுக்குறாங்கல்ல. இதுவும் வைரஸ்தானே, இதுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார்.

கிடையாது என்று தெரியும். ஏன் என்று புரிந்துகொள்ளத்தான் ஒரு வாரம் படிக்க வேண்டியிருந்தது.

அக்கி, ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸால் வருவது. டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைமை இந்தக் குடும்பம் சொந்தமாகவே வைத்திருக்கிறது. ஆனால் பாலிமரேஸ் தனியாக வேலை செய்தால் கொஞ்ச தூரத்திலேயே இழையை விட்டு நழுவிவிடும். பிடித்துவைக்க ஒரு துணைப் புரதம் வேண்டும். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸில் பாலிமரேஸுக்கு யுஎல்30 என்று பெயர், துணைக்கு யுஎல்42. அசைக்ளோவிர் என்பது ஒரு போலி எழுத்து. அதை முதலில் தூண்டிவிடுவது வைரஸின் இன்னொரு என்சைம். பிறகு வைரஸின் பாலிமரேஸ் அதை எடுத்துக் கோத்துவிட்டு, மேலே நீட்ட வழியில்லாமல் நின்றுவிடும். நம்ம செல்லின் பாலிமரேஸ் அவ்வளவு சுலபமாக ஏமாறாது. அந்த வித்தியாசத்தில்தான் மருந்தே நிற்கிறது.

முடிக்கொத்து வைரஸிடம் அந்தச் சொந்தச் சரக்கே இல்லை. அதன் மொத்தச் சொத்து ஆறு சின்ன டிஎன்ஏ வளையங்கள், ஒவ்வொன்றும் சுமார் 1,100 எழுத்து. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸுக்கு ஏறத்தாழ 1,50,000. பாலிமரேஸ் எழுதி வைக்க இங்கே இடமே கிடையாது. எங்க தொழில் பாஷையில் சொன்னால், லைப்ரரி எதையும் கொண்டு வராமல், வந்த மெஷினில் இருப்பதையே கூப்பிட்டுக்கொள்கிற குட்டி ப்ரோகிராம்.

வளையம் ஒற்றை இழை. வாழைச் செல்லுக்குள் போனதும் செல்லின் பாலிமரேஸே அதை இரட்டை இழையாக்கிவிடுகிறது. அதிலிருந்து 'ரெப்' என்ற புரதம் உருவாகிறது. ரெப் எதையும் நகலெடுப்பதில்லை. வளையத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரு இழையை வெட்டி, வெட்டிய முனையில் தானே ஒட்டிக்கொள்கிறது. மறுமுனையிலிருந்து வாழையின் பாலிமரேஸ் வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் புது இழையை நீட்டும், பழைய இழை உரிந்து வரும். ஒரு சுற்று முடிந்ததும் ரெப் மறுபடி வெட்டி, முனைகளை இணைத்து, ஒரு புது வளையத்தை விடுவிக்கும்.

ஒரு சிக்கல். வளர்ந்து முடிந்த செல் டிஎன்ஏவை நகலெடுப்பதில்லை, அந்த இயந்திரமெல்லாம் அணைந்து கிடக்கும். அதற்குத்தான் 'கிளிங்க்' என்ற இன்னொரு புரதம். செல்லைப் பிரியவிடாமல் தடுத்துவைக்கும் காவல் புரதத்தை இது பிடித்துக்கொள்கிறது. செல் மறுபடி நகலெடுக்கும் கட்டத்துக்குப் போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிடிக்கிறது என்று தோட்டக்காரரிடம் சொல்ல முடியாது, அது வேற விஷயம்.

ஆக, பாலிமரேஸை அடிக்கிற மருந்து கொடுத்தால் அடிபடுவது வாழைதான்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வெட்டிற வேண்டியதுதானா?" என்றார். வெட்டணும், கிழங்கோட தோண்டி எடுக்கணும். ஆனால் அதுக்கு முன்னாடி அசுவினிக்கு மருந்தடிக்கணும். இந்த வைரஸைச் சுமந்து திரிவது வாழை அசுவினி; இலைக்காம்பின் மடிப்பிலும் தண்டின் அடியிலும் ஒளிந்திருக்கும். மருந்தடிக்காமல் வெட்டினால் அது வைரஸோட பக்கத்து வாழைக்குப் போயிரும்.

"ஏலத்துக்கு வர்ற கட்டே நோயும் இதேதானா?" இல்லை. அது ஆர்என்ஏ வைரஸ், நகலெடுக்கும் என்சைமைத் தானே வைத்திருக்கிறது. ஆனால் அதைப் பரப்புவதும் அசுவினிதான். மறுநாள் காலையில் ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம்.